ஜெனரல் டெம்ப்ளரும் ‘கொடுத்தார்’ என்னும் சொல்லும்

கிள்ளானிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம் பேரன் கல்லூரிப் படிப்புக்காக வாங்கி வைத்திருந்த ஆங்கில நூல் ஒன்றை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதங்களில் படித்து முடித்தாராம். ஜெனரல் டெம்ப்ளரையும் மலாயாச் சுதந்திரத்துக்குச் சென்ற பாதையையும் பற்றி லியோன் கோம்பர் என்பார் எழுதி, 2015இல் சிங்கப்பூரில் வெளியான நூல் அது. படித்து முடித்தபின் அன்பருக்கு எழுந்த ஐயம் இது:

“ராணுவத் துரை ஒருவர் வந்தார், நாட்டை அடக்கினார், பின்பு ஜனங்கள் தேர்ந்தெடுத்த மந்திரிகள் வரும்படி செய்துவிட்டுக் கப்பலேறினார் என்கிறார்கள். அப்படியானால் நமக்குச் சுதந்திரம் கொடுத்தவர் அவர்தாமா? கொடுத்தவர் அவரே என்றால், என் தகப்பனார் அவர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஏன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்?”

இலக்கியப் பகுதிக்கு வந்த இக்கடிதத்தை அரசியல் பகுதிக்குத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கேள்வி முழுவதும் ‘கொடுத்தவர்’ என்ற ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. கொடைச் சொற்களைப் பற்றித் தொல்காப்பியர் செய்துவைத்த வரையறை, இந்த விஷயத்தில் ஆங்கில நூல்களுக்கு இல்லாத ஒரு துலாக்கோலை நமக்குத் தருகிறது.

ஈ, தா, கொடு என மூன்று சொற்கள். மூன்றும் ஒருவன் மற்றொருவனிடம் ஒன்றை வேண்டும்போது பிறப்பவை. வேண்டுவோன் தாழ்ந்த நிலையிலிருந்தால் ‘ஈ’ என்பான். ஒத்த நிலையினன் ‘தா’ என்பான். உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். மனிதரை உயர்ந்தோர் இழிந்தோர் என்று பிரிப்பது நமக்குக் கசப்பானதே. எனினும் உலகில் அப்பிரிவு இருக்கும் வரையில் அது சொல்லில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டும் இலக்கணத்தைக் கோபித்துப் பயனில்லை. மலாயா மக்கள் தம்மை ஆண்ட ராணுவத் துரையிடம் எந்தச் சொல்லைச் சொன்னார்கள், எப்பொழுது சொன்னார்கள் என்று கேட்டால், சுதந்திரத்தின் கதை பிடிபடுகிறது. நூல்களை அதைக் கொண்டு அளப்போம்.

முதலில் மனிதரைப் பற்றி. 1951 அக்டோபர் 6ஆம் நாள் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி, பிரேசர் மலைக்குச் செல்லும் பாதையில் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்தவர் சர் ஜெரால்டு டெம்ப்ளர். அவர் கோலாலம்பூரில் இறங்கியது 1952 பிப்ரவரி 7. அதற்கு முன் சிவில் ஆட்சி ஒருவர் கையிலும் போர் நடவடிக்கை வேறொருவர் கையிலும் இருந்தன. டெம்ப்ளரிடம் இரண்டும் ஒன்றாகத் தரப்பட்டன. கையெழுத்திடும் பேனாவும் உறையிலுள்ள வாளும் ஒரே மேஜைமேல் வந்து சேர்ந்தன. ஏரித்தோட்டத்து மேட்டில் கிங்ஸ் ஹவுஸ் மாளிகையில் அவர் குடியிருந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேத் தொழிலாளி ஒருவன் நினைத்தால் நடந்தே போய்விடக்கூடிய தூரம். நினைத்திருக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

ராணுவம் ஆட்சியை ஒப்படைப்பது மலாயாவுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜப்பானியர் சரணடைந்தபின் 1945 செப்டம்பர் முதல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் இந்நாட்டை ஆண்டது. அதன் ஆங்கில முதலெழுத்துக்களுக்குக் கள்ளச்சந்தை நிர்வாகம் என்று ஜனங்கள் வேறு பொருள் சொல்லிச் சிரித்தார்கள். 1946 ஏப்ரல் 1ஆம் நாள் அது மலாயன் யூனியன் என்னும் சிவில் சர்க்காரிடம் ஆட்சியை ஒப்படைத்தது. அந்தச் சர்க்காரை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. காக்கிச் சட்டைத் துரை போய் வெள்ளைச் சட்டைத் துரை வந்தார், அவ்வளவே.

இனி நூல்கள். டெம்ப்ளர் பதவியிலிருந்த காலத்தை ஒட்டியே 1954இல் வெளியானது விக்டர் பர்செல் எழுதிய ‘மலாயா: கம்யூனிஸ்டா, சுதந்திரமா?’ என்னும் பொருள்படும் நூல். பர்செல் மலாயாவில் நெடுங்காலம் சிவில் உத்தியோகம் பார்த்தவர். இங்குள்ள சீனரைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். 1952இல் மலாயாச் சீனர் சங்கத்தின் அழைப்பில் மறுபடி வந்தார். ஜெனரலுடன் மோதிக்கொண்டு திரும்பினார். அந்நூலில் கோபம் அதிகம். கோபம் விமர்சனத்துக்குக் குற்றமன்று. ஆனால் எழுதுகிறவன் பார்வையை அது ஒரே ஆள்மீது கட்டிப்போட்டு விடுகிறது. போலீஸ் ராஜ்யம் என்று பர்செல் காட்டிய இடங்களில் பல உண்மையாகவே இருந்தன. எனினும் நூலை மூடும்போது நம் மனத்தில் நிற்பது டெம்ப்ளர்தான். அவருடைய அதிகாரத்தின் கீழ் வாழ்ந்தவர்கள் மங்கிப் போகிறார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1985இல், ஜான் கிளோக் என்ற பிரிட்டிஷ் ராஜதந்திரி ‘மலாயாவின் புலி’ என்று பட்டம் சூட்டி டெம்ப்ளரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். உழைப்பு மிக்க நூல், சந்தேகமில்லை. ஆனால் வாழ்க்கை வரலாற்றுக்குரிய நோய் அதற்கும் உண்டு. ஊரிலுள்ள எல்லாப் பாதைகளும் நாயகன் வீட்டு வாசலிலிருந்தே புறப்படுகின்றன. பர்செல் நூலையும் கிளோக் நூலையும் அடுத்தடுத்துப் படிப்பவர்கள் ஒன்றைக் காண்பார்கள். ஒருவர் ஏசுகிறார், ஒருவர் போற்றுகிறார். நடந்தவற்றுக்கெல்லாம் காரணன் ஒருவனே என்பதில் மட்டும் இருவருக்கும் பிணக்கில்லை.

இடையில், 1956இல், ஹான் சூயின் அம்மையாரின் ஆங்கில நாவல் வெளிவந்தது. மழையே என் பானம் என்று பொருள்படும் தலைப்பு. அம்மையார் ஜொகூரில் வைத்தியம் பார்த்தவர். சரணடைந்தோர், காட்டிக்கொடுத்தோர், கம்பிவேலிக்குள் அடைபட்ட புதுக்கிராமத்தார் ஆகியோர் பக்கத்திலிருந்து அவசரகாலத்தை எழுதினார். பெரிய துரை எவரும் அதன் நாயகரல்லர் என்பதே நாவலின் முதல் சிறப்பு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அம்மையாரின் அந்நாளைய கணவர்தாம், ஸ்பெஷல் பிராஞ்சு போலீசில் அதிகாரியாயிருந்த லியோன் கோம்பர். ஒரே வீட்டில் இருந்த இருவரில் மனைவி உடனே நாவல் எழுதினார். கணவர் ஏறக்குறைய அறுபது ஆண்டு பொறுத்துச் சரித்திரம் எழுதினார். கிள்ளான் அன்பர் படித்தது கணவரின் நூல். பேரன் மனைவியின் நூலையும் தேடித் தந்தால் நல்லது.

இந்நூல்களைப் படிப்போர் நின்று யோசிக்க வேண்டிய ஓரிடம் தஞ்சோங் மாலிம். 1952 மார்ச் 25ஆம் நாள், அவ்வூருக்குத் தண்ணீர் வரும் குழாயைப் பழுதுபார்க்கச் சென்ற கூட்டத்தைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து தாக்கினர். பன்னிரண்டு பேர் மாண்டனர். உதவி ஜில்லா அதிகாரியும் அவர்களில் ஒருவர். டெம்ப்ளர் நேரே ஊருக்கு வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கடிந்துகொண்டார். நாளொன்றுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். பின்பு வீடுதோறும் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகளைப் பற்றித் தெரிந்ததை எழுத வேண்டும். பெயர் போட வேண்டியதில்லை. தாள்களைப் பூட்டிய பெட்டிகளில் சேர்த்துக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பிரதிநிதிகள் பார்த்திருக்க ஜெனரலே அவற்றைத் திறந்தார். அதன்பின் சிலர் கைதாயினர். ஏறக்குறைய இரு வாரத்தில் ஊரடங்கு நீங்கியது.

பெயரெழுதாத தாள்; பூட்டிய பெட்டி; பிரதிநிதிகள் முன்னிலையில் திறப்பு. எங்கோ கண்ட காட்சியாகத் தோன்றவில்லையா? ஓட்டுச்சாவடியின் சடங்குகள் யாவும் இதில் உண்டு. ஆனால் ஓட்டுப்பெட்டியில் ஆளப்படுவோன் ஆள்வோனைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறான். தஞ்சோங் மாலிம் பெட்டியில் பசித்தவன் தன் அண்டை வீட்டானைப் பற்றி எழுதினான். “அரிசி ஈ” என்பதே அந்தத் தாள்களின் மறைபொருள். அப்பெட்டிகளால் போருக்குக் கிடைத்த லாபம் எவ்வளவு என்று ராணுவ சரித்திரக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வெறும் தாளைத் திருப்பிப் போட்ட கிழவி ஒருத்தி இருந்திருந்தால், அவள் கதையை எழுத ஒரு சிறுகதை ஆசிரியர் வேண்டும். சயாம் ரயிலைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல்கள் தந்த மலேசியத் தமிழில், இந்தப் பெட்டியைப் பற்றி எழுதவும் கைகள் உண்டென்றே நம்புகிறோம்.

மற்றப் பெட்டியின் கதை என்ன? ஜெனரல் வந்திறங்கிய ஒன்பதாம் நாள், 1952 பிப்ரவரி 16, கோலாலம்பூர் முனிசிபல் தேர்தல் நடந்தது. பன்னிரண்டு ஸ்தானங்களில் அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் சேர்ந்து நின்ற கூட்டணிக்கு ஒன்பது கிடைத்தன, டத்தோ ஓனின் மலாயாச் சுதந்திரக் கட்சிக்கு இரண்டு, சுயேச்சைக்கு ஒன்று. தேவாசர் தலைமையில் இருந்த நம்மவர் காங்கிரஸ் தோற்ற பக்கத்தில் நின்றது. ஒன்பது நாளில் ஒருவர் தேர்தலைப் படைத்துவிட முடியாது. ஸ்தலஸ்தாபனத் தேர்தல் சட்டம் 1950இலேயே வந்துவிட்டது. பினாங்கு ஜார்ஜ்டவுன் 1951 டிசம்பரிலேயே ஓட்டுப் போட்டு முடித்திருந்தது. மலாயா காலக்கிரமத்தில் சுயாட்சி பெற வேண்டும் என்பது, டெம்ப்ளர் புறப்படும்போதே லண்டன் மந்திரி லிட்டல்டன் அவர் கையில் தந்த உத்தரவிலேயே இருந்தது. ஆகவே கொடைக்குச் சொந்தக்காரர் ஜெனரலல்லர். பொருளைக் கொண்டுசேர்க்க அனுப்பப்பட்ட ஆள் என்று வேண்டுமானால் சொல்லலாம். போற்றும் நூல்கள் அந்த உத்தரவை முகவுரையில் வைத்துவிட்டுக் கதையில் அதனை மறந்துவிடுகின்றன.

லண்டனாவது தானாக இரங்கிக் கொடுத்ததா என்றால் அதுவும் இல்லை. பெடரல் சட்டசபையில் ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டவராயிருக்க வேண்டும் என்று கூட்டணி கேட்டது. 1954இல் துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனுக்கே சென்று கேட்டார். அது ‘தா’ என்னும் குரல். லிட்டல்டன் மறுத்தார். திரும்பி வந்த கூட்டணி தன் ஆட்களைச் சபைகளிலிருந்தும் கமிட்டிகளிலிருந்தும் விலக்கிக்கொண்டது. அப்போதுதான் சமாதானம் பேசப்பட்டது. மொத்தம் 98 உறுப்பினர். 52 பேர் தேர்ந்தெடுக்கப்படுவர். நியமன ஸ்தானங்கள் சிலவற்றை நிரப்புவதில் பெரும்பான்மைக் கட்சியைக் கலந்துகொள்வர். 1955 ஜூலை 27இல் அந்த 52இல் 51ஐக் கூட்டணி வென்றது. இனி எவரும் ‘தா’ என்று சொல்ல வேண்டியதாயில்லை. ‘கொடு’ என்று ஜனங்கள் சொல்லிவிட்டார்கள். அந்தத் தேர்தல் நடந்தபோது டெம்ப்ளர் இந்நாட்டில் இல்லை. 1954 மத்தியில் அவர் விடைபெற்றதும், ஹை கமிஷனர் பதவி மக்கிலிவ்ரே என்னும் சிவில் அதிகாரிக்கும், போர்ப் பதவி ஜெனரல் போர்னுக்கும் போயின. பேனாவும் வாளும் மறுபடி இரண்டு மேஜைகளுக்குச் சென்றன.

டெம்ப்ளருக்கு உரிய நியாயத்தையும் செய்துவிடுவோம். அவர் போனார். பதவியில் இரண்டாண்டு நான்கு மாதம் இருந்து, அழைக்கப்பட்டபோது சந்தடியின்றிப் போனார். எளிய காரியமாகத் தோன்றும். அண்டை நாடான பர்மாவைப் பாருங்கள். 1958இல் ஜெனரல் நே வின் ஊ நூவிடமிருந்து ஆட்சியை ஏற்றார், 1960இல் தேர்தல் நடத்தி அதே ஊ நூவிடம் திருப்பித் தந்தார், உலகமே மெச்சியது. 1962 மார்ச் 2ஆம் நாள் அதைப் பறித்துக்கொண்டார். பிறகு விடவே இல்லை. ரங்கூனிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறிய தமிழரைக் கேட்டால் அந்த ‘ஒப்படைப்பின்’ விலை தெரியும். நே வின்னுக்கு மேலே ஒருவரும் இல்லை. டெம்ப்ளருக்கு மேலே ஒரு மந்திரிசபை இருந்தது. திருப்பி அழைக்கக்கூடிய ஒருவர் மேலே இருக்கும்போதுதான் ஜெனரல்மார் நல்லவர்களாக வீடு திரும்புகிறார்கள் போலும். பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்து ஆண்டு, பின்பு ராஜ்யத்தைத் திருப்பித் தந்தவனை நம் புராணிகர்கள் புகழ்வதுண்டு. அயோத்தி ஜனங்களிடம் சீட்டு வாங்கியதாக அந்தக் கதையிலும் காணோம்.

ஒரு கேள்வியை இந்நூல்கள் வேண்டிய அழுத்தத்துடன் கேட்கவில்லை என்பது நம் குறை. ஒப்படைத்தபோது என்னென்ன ஒப்படைக்கப்பட்டன? தோட்டத்தில் பழைய துரை போய்ப் புதுத் துரை வரும்போது ஆபீசில் நடப்பதைக் கிராணிமார் அறிவார்கள். செக்ரோல் புத்தகம், தராசு, ஸ்டோர் சாவிக்கொத்து எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள். மலாயாவின் சாவிக்கொத்தில் ஒரு பெரிய சாவி இருந்தது. விசாரணையின்றிச் சிறைவைக்கும் அதிகாரம். 1948 ஜூனில் வந்த அவசரகாலச் சட்டங்களில் அது பிறந்தது. அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அதற்குள் ஜனங்கள் தேர்ந்தெடுத்த பார்லிமெண்டே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. ஜெனரல் விட்டுச்சென்ற சாவியைச் சிவில் மந்திரிகள் தூக்கி எறியவில்லை. பத்திரமாக மாட்டி வைத்தார்கள். 2012இல்தான் அச்சட்டம் நீங்கியது. அதன் இடத்துக்கும் வேறொன்று வந்தது. கோம்பர் போலீசில் இருந்தவர். அந்தச் சாவியின் கனம் அவர் கை அறிந்தது. அவர் அதைப் பற்றி இன்னும் விரித்து எழுதியிருந்தால் நூல் உயர்ந்திருக்கும்.

இப்பொழுது அன்பரின் தகப்பனாரிடம் வருவோம். பிரிக்ஸ் திட்டத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர் என்று எல்லா நூலும் சொல்லும். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் இருந்த 6 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் அங்கங்கேயே ஒன்றுகூட்டி வேலியடைக்கப்பட்டனர் என்பது பெரும்பாலும் அடுத்த வரியோடு முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள்தான் நம் லயங்கள் இருந்தன. அதிகாலைப் பெரட்டு முடிந்து பால் வெட்டப் போகும் ஆணையும் பெண்ணையும் வேலி வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். மத்தியானச் சோறு வெளியே போகக்கூடாது. போனால் காட்டிலுள்ளவனுக்குப் போகுமாம். அன்பரின் தகப்பனார் வெறும் வயிற்றோடு மரம் வெட்டிய கதையைக் கடிதத்தின் பின்பக்கத்தில் அன்பர் எழுதியிருக்கிறார். இது டெம்ப்ளருக்கு முன்பே தொடங்கியது என்பது உண்மை; அவர் காலத்தில் தளரவில்லை என்பதும் உண்மை.

வேலி வருமுன்னரே குரல் போயிற்று. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4இல் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு சர்க்கார் கேட்டும் விடவில்லை. தோட்டத் தொழிலாளி ‘தா’ என்று வாய் திறக்க மறுபடி துணிந்தது சம்பள மேஜையில். 1954இல் சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது; பி.பி. நாராயணன் அதை நடத்தினார். டெம்ப்ளர் விடைபெற்ற ஆண்டும் அதுவே. அவரைப் பற்றி எழுதுவோர் இந்த ஒற்றுமையைக் கவனிக்கலாம்.

தொல்காப்பியருடைய இன்னொரு விதியை இறுதிக்கென வைத்திருந்தோம். தருதல் என்னும் சொல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான் என்றே வரும். கொடுத்தல் படர்க்கைக்கு உரியது, அவனுக்குக் கொடுத்தான். இன்றைய பேச்சில் இவ்வேறுபாடு அழிந்துவிட்டது. அன்பரும் ‘நமக்குக் கொடுத்தவரா’ என்றே எழுதியிருக்கிறார். பழைய இலக்கணப்படி அது வழு. எனினும் சரித்திரப்படி அதைத் திருத்த நமக்குக் கை வரவில்லை. 1955இல் ஓட்டாளர் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர், 11 பேர் சீனர். இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 5 பேருக்கும் குறைவு. 1957 குடிமதிப்பில் இந்தியர் மட்டும் ஏறக்குறைய 7 லட்சம். பிரஜா உரிமைக் காகிதம் இல்லாதவனுக்குப் பெட்டியில் இடமில்லை. ஜெனரலோ லண்டனோ கூட்டணியோ, கொடுத்தவர் எவராயினும், தோட்டத்துத் தமிழனைப் பொறுத்தவரை அன்று அது படர்க்கைக் கொடை. 1957க்குப் பின் உரிமை பெறும் வழி அகலமாயிற்று. அப்படியும் காகிதம் எடுக்காதவர் லயங்களில் பலர். 1968 சட்டம் பிரஜையல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டுக் கேட்டபோது, பல்லாயிரம் பேர் பெட்டி கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

அன்பரின் தகப்பனார் போகவில்லை. கடிதத்தின் கடைசி வரியில் அதையும் எழுதியிருக்கிறார். 1955 ஜூலை 27 அன்று தகப்பனாரிடம் காகிதம் இல்லை. 1964 தேர்தலில், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்த சாவடியில், மகனையும் கையில் பிடித்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். சாவடி வாசலில் ஒரு போலீஸ்காரர் இருந்தாராம். தகப்பனார் பழக்கத்தால் அவர் முன்னே நின்று, சோதிக்கட்டும் என்று இரு கைகளையும் விரித்தாராம்.